பூ வரும்வரை பெயரில்லையா?

காட்டில் ஒரு மரத்தைக் காட்டி, இது என்ன மரம் என்று தாவரவியல் படித்த ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “பூ இருக்கிறதா? பூ இல்லாமல் சொல்ல முடியாது.” கல்லூரி ஆசிரியர் இதைச் சொல்கிறார். அவரிடம் படித்து வனத்துறைக்குப் போனவர் சொல்கிறார். மரம் நடும் அமைப்புகளின் தன்னார்வலர்கள் சொல்கிறார்கள். கைப்பேசிச் செயலியை நம்புகிறவர்களும் இப்போது இந்த வரிசையில் சேர்ந்துவிட்டார்கள்: “பூவைப் படமெடுத்துப் போட்டால் சொல்லிவிடும், பூ வரட்டும்.” இதை அறிவியலின் எச்சரிக்கை என்று எல்லோரும் மதிக்கிறார்கள். நான் மதிக்கவில்லை. மரமும் புதரும் நிறைந்த காட்டைப் பொறுத்தவரை இது தவறான கருத்து, தீங்கு செய்கிற கருத்தும்கூட. நம் காட்டு மரங்களில் பெரும்பாலானவற்றை இலை, கொம்பு, பட்டை, பால், மணம் ஆகியவற்றைக் கொண்டே இனம் வரை அடையாளம் காணலாம். இனம் வரை போக முடியாதபோது பேரினம் வரையோ குடும்பம் வரையோ போகலாம். காட்டில் அடையாளம் காணும் முதல் வழியே அதுதான்.

ஆலமரத்தின் பூவை யார் பார்த்திருக்கிறார்கள்? ஆல், அரசு, அத்தி, இச்சி ஆகியவற்றின் பூக்கள் நாம் காய் என்று சொல்லும் உருண்டைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன. மிகச் சிறிய குளவிகள் மட்டுமே அவற்றைத் தேடி உள்ளே நுழைகின்றன. பூதான் அடையாளம் என்றால் தமிழ்நாட்டில் ஒருவருக்கும் ஆலமரத்தைத் தெரிந்திருக்கக் கூடாது. ஆனால் அரச இலையின் நீண்ட வால்நுனியைச் சின்னக் குழந்தையும் காட்டும். இந்த வகை மரங்களைப் பிரித்தறிய இன்னும் உறுதியான குறி ஒன்று உண்டு. கொம்பின் நுனிமொட்டைக் கூரிய உறையாக மூடியிருக்கும் இலையடிச் செதில் உதிர்ந்ததும், அந்தக் கணுவில் கொம்பைச் சுற்றி ஒரு வளையத் தழும்பு நிற்கும். இலைக்காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். மாறி மாறி அமைந்த இலை (மாற்றிலை), வளையத் தழும்பு, பால் மூன்றும் சேர்ந்திருந்தால் அது அத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று நம் காட்டில் தயங்காமல் சொல்லலாம். எந்த மாதமானாலும் சொல்லலாம்.

வேம்பையும் புளியையும் பூவரசையும் புங்கையும் நாம் அறிந்தது அவை பூத்த நாளில் அல்ல. ஊர் எல்லைக்குள் இலையையும் பட்டையையும் நிழலின் தன்மையையும் வைத்து மரத்தை அறிந்துகொண்ட அதே மனிதர், தாவரவியல் வகுப்புக்குப் போய்வந்தபின் காட்டுக்குள் நுழைந்ததும் கை கட்டி நிற்கிறார். அவருடைய கண்ணில் குறையில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்த முறையில்தான் குறை.

அந்த முறை எங்கிருந்து வந்தது? ஸ்வீடனைச் சேர்ந்த லின்னேயஸ் 1735-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் தாவரங்களை மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையை வைத்தே பெரும்பிரிவுகளாகப் பிரித்தார். பிறகு 1862 முதல் 1883 வரை பெந்தமும் ஹூக்கரும் அமைத்த வகைப்பாடும் பூவின் உறுப்புகளையே பெரிதும் சார்ந்தது. நம் கல்லூரிகள் பல தலைமுறைகளாக அதைத்தான் கற்பிக்கின்றன. கேம்பிள் 1915-இல் தொடங்கி, அவர் இறந்தபின் ஃபிஷர் 1936-இல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூலும் அந்த வழியில் வந்ததுதான். பிறகு திருச்சி ராபினாட் உலர்தாவரக் கூடத்தில் அருட்தந்தை மேத்யூ உருவாக்கிய தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவர நூல் வந்தது. இவை பெரும் நூல்கள். இவற்றின் முன் நான் தலை வணங்குகிறேன். ஆனால் இவை யாருக்காக எழுதப்பட்டவை என்று பார்க்க வேண்டும். பூவோடும் காயோடும் உலர்த்தித் தாளில் ஒட்டிய கொம்பை மேசையில் வைத்து, உருப்பெருக்கியால் சூலகத்தை அறுத்துப் பார்க்கிறவருக்காக எழுதப்பட்டவை. அந்த மேசைக்குப் பூ தேவை. பூவோ காயோ இல்லாத கொம்பை உலர்தாவரக் கூடத்துக்கு எடுத்துவர வேண்டாம் என்ற விதி அங்கே நியாயமானது.

கூடத்தின் விதியைக் காட்டின் விதியாக மாற்றியதுதான் பிழை. மலர் சூத்திரமும் மலர் வரைபடமும் எழுதி மதிப்பெண் வாங்கிய மாணவர் படித்தது பெரும்பாலும் ஊமத்தையும் சங்குப்பூவும் செம்பருத்தியும்தான். எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில், ஆண்டில் பல மாதம் பூத்து நிற்பவை. அந்தப் பயிற்சியோடு அவரை மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டில் கொண்டுபோய் நிறுத்தினால், தலைக்கு மேல் முப்பது மீட்டர் உயரத்தில் இருக்கும் பூவுக்காக அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். பாதத்தின் அருகே விழுந்து கிடக்கும் இலையைக் குனிந்து எடுக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இதில் கேம்பிளைக் குற்றம் சொல்ல முடியாது. வன அதிகாரியாக இருந்த அவர் தாவர நூலுக்கு வெகு முன்பே, 1881-இல், இந்திய மரக்கட்டைகளைப் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டவர். மரத்தை மரமாகப் பார்க்கத் தெரிந்தவர். அவரிடமிருந்து நாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பூவை எட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கு மலாயாவில் ஒரு சான்று இருக்கிறது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய கார்னர், உயர்ந்த மரங்களிலிருந்து பூவும் காயும் பறித்துப் போட பன்றிவால் குரங்குகளைப் பழக்கினார். 1940-இல் வெளிவந்த அவருடைய மலாயா மர நூல் இன்றும் படிக்கப்படுகிறது. அப்பேர்ப்பட்டவருக்கே குரங்கின் உதவி தேவைப்பட்டது. நம் மாணவருக்கும் வனக்காவலருக்கும் எங்கே குரங்கு இருக்கிறது?

உயரம் ஒரு தடை என்றால் காலம் அதைவிடப் பெரிய தடை. ஒரு மரம் ஆண்டில் சில வாரங்கள் பூக்கும். சில மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதும் இல்லை. கருங்காலி வகையிலும் தில்லையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கன்றுகளோ பூக்கவே பூக்கா, பூக்கும் வயதை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். எந்த நாளில் காட்டுக்குள் போனாலும் கண்ணில் படும் தண்டுகளில் மிகப் பெரும்பாலானவை பூவின்றித்தான் நிற்கும். ஊரில் ஒருவரை அவர் கல்யாணத்தில் உடுத்திய பட்டுவேட்டியை வைத்து மட்டும்தான் அடையாளம் காண்பேன் என்று சொல்கிறவரோடு எப்படிப் பழகுவது? பூதான் வேண்டும் என்பவர் காட்டோடு பழகுவது அப்படித்தான்.

இதற்குக் குறிஞ்சியைவிடக் கூர்மையான உதாரணம் கிடையாது. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் மூணாறிலும் மலைச்சரிவை நீலமாக்கும் குறிஞ்சிப் புதர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. 1994, 2006, 2018 என்று பூத்து வந்திருக்கிறது. ஒரு செடி தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூக்கும், விதை உதிர்க்கும், பட்டுப்போகும். பூத்தால்தான் அடையாளம் என்றால், பிறந்ததிலிருந்து கடைசிப் பருவம் வரை அது பெயரில்லாத புதர். 2018-இல் ஆயிரக்கணக்கானோர் மலையேறிப் போய்ப் படமெடுத்தார்கள். அடுத்த ஆண்டு அதே சரிவில் முளைத்த கன்றை அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? எதிரெதிராய் அமைந்து, ஓரம் பல்லாய் வெட்டப்பட்ட, நரம்புகள் ஆழப் பதிந்த அந்த இலையை அறிந்தவரால்தான் பூக்காத பதினோரு ஆண்டும் அந்தச் சரிவைக் காக்க முடியும். மேய்ச்சலும் தீயும் தோட்ட விரிவாக்கமும் பூக்கும் ஆண்டுக்காகக் காத்திருப்பதில்லை.

சிலர் குறிஞ்சிப்பாட்டை எடுத்து வருவார்கள். கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களைச் சொல்லவில்லையா, தமிழர் தாவரங்களைப் பூவால்தானே அறிந்தார்கள் என்பார்கள். அந்தப் பாட்டில் வரும் பெண்கள் பூக்களைப் பறித்துக் குவித்தார்கள், சூடிக்கொள்ள. அங்கே பூ வந்த காரணம் அதுதான். அதே சங்கப் புலவர்கள் வேங்கையைச் சொல்லும்போது அதன் கரிய அடிமரத்தைப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். பட்டையின் நிறத்தையும் சொரசொரப்பையும் பார்த்த கண்கள் அவை. அந்த மரபை முழுதாக எடுத்துக்கொண்டால் அது என் பக்கம்தான் சாயும்.

பூ இல்லாமல் சொல்வது வெறும் ஊகம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 1987-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஒரு நூலை வெளியிட்டது. பாஸ்கலும் ரமேஷும் எழுதிய அந்தக் கள வழிகாட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் உள்ள மரங்களையும் பெருங்கொடிகளையும் இலை, கொம்பு, பால், பட்டை போன்ற பண்புகளைக் கொண்டே அடையாளம் காண வழி செய்தது. தென் அமெரிக்காவின் வடமேற்கில் தாவரவியலாளர் ஜென்ட்ரி இதையே இன்னும் பெரிய அளவில் செய்தார். பூக்களைக் கொண்டு பிரித்தால் கள ஆய்வு நடக்காது என்று கண்டு, மரத்தாவரக் குடும்பங்களையும் பேரினங்களையும் பூவின்றி அறியும் வழியை எழுதினார். அந்த நூல் 1993-இல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் எக்வடோரில் கள ஆய்வின்போது விமான விபத்தில் அவர் இறந்தார். உலகின் மிக அடர்ந்த மரவளம் உள்ள காடுகளிலேயே இது முடிந்திருக்கிறது. நம் கோயில் காட்டில் முடியாது என்று யார் சொல்ல முடியும்?

நம் மண்ணிலேயே முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988-இல் ஐம்பது ஹெக்டேர் நிலத்தை அளந்து நிரந்தர ஆய்வுக் களமாக்கியது. மார்பளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு தண்டுக்கும் எண் கட்டி, அடையாளம் குறித்து, தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறார்கள். ஒரு சென்டிமீட்டர் தண்டு என்பது விரல் பருமன்கூட இல்லாத கன்று. அது பூக்கும் என்று காத்திருந்தால் அந்தக் கணக்கெடுப்பு ஒருநாளும் தொடங்கியிருக்காது. காட்டின் பிறப்பையும் இறப்பையும் பற்றி அந்தக் களத்திலிருந்து நாம் அறிந்ததெல்லாம் பூவின்றி அடையாளம் காணும் திறமையின் மேல் நிற்கிறது.

அந்தத் திறமை மாயம் அல்ல. புதுச்சேரிக்கு வடக்கே புதுப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற ஓர் உலர் பசுமைமாறாக் காட்டை எடுத்துக்கொள்வோம். முதல் பார்வைக்கு எல்லாம் ஒரே பச்சை, எல்லாம் தடித்த சிறிய இலை. இங்கே தொடக்கக்காரர் திணறுவது இயற்கை. அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: இலைகள் கொம்பில் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா? எதிரெதிர் என்றால் காட்டின் பெரும்பகுதி அந்த நொடியிலேயே கணக்கிலிருந்து விலகிவிடும். அடுத்து, இரண்டு இலைக்காம்புகளுக்கு நடுவே கொம்பின் மேல் சிறு முக்கோணச் செதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்து, இலை ஓரமும் வெட்டின்றி முழுமையாக இருந்தால் அது காபிக் குடும்பம். நுணா, தரணி, சுலுந்து, காரை வகைகள் எல்லாம் அதில் அடங்கும். செதில் இல்லையா? இலையைக் கசக்கி முகருங்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மணமும், ஒளி ஊடுருவும் புள்ளிகளும், ஓரத்தை ஒட்டி ஓடும் நரம்பும் இருந்தால் நாவல் குடும்பம். மணமும் இல்லை, புள்ளியும் இல்லை, இலை மட்டும் தோல்போல் தடித்திருக்கிறது என்றால் இந்தக் காட்டில் அது காயாவாக இருக்க வாய்ப்பு மிகுதி. காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வழிந்தால் வெப்பாலையின் குடும்பம். மஞ்சள் பால் என்றால் குடம்புளியின் உறவு. பக்க நரம்புகள் எண்ண முடியாதபடி நெருங்கி இணையாக ஓடினால் புன்னை. அடியிலிருந்தே மூன்று அல்லது ஐந்து நரம்புகள் கிளம்பி நுனி நோக்கி ஓடினால் எட்டி அல்லது தேற்றா.

கடைசியில் சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மலைக்காட்டில் காட்டு இலவங்க மரத்தின் இலையும் இப்படித்தான், பெரும்பாலும் எதிரெதிராக, அடியிலிருந்து கிளம்பும் மூன்று நரம்போடு இருக்கும். படத்தில் பார்த்தால் இதுவும் எட்டியும் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்று கறிக்கு வாசனை தரும் மரத்தின் உறவு, மற்றொன்று விதையில் கொடிய நஞ்சு உள்ள மரம். இலையைக் கசக்கி முகர்ந்தால் ஐயம் தீர்ந்துவிடும். பூவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் காட்டில் விட்டுவிடுங்கள்.

மாற்றிலைகளின் பக்கம் போனாலும் இதே வழிதான். மாற்றிலையும் வெள்ளைப் பாலும், இலைகள் கொம்பின் நுனியில் கொத்தாகச் சேர்ந்திருப்பதும் இலுப்பைக் குடும்பத்தைக் காட்டும். அவற்றில் இலைநுனி உள்வாங்கிப் பிளந்திருந்தால் அது பாலை மரமாக இருக்கலாம். கூட்டிலையில் எலுமிச்சையின் மணமும் புள்ளியும் இருந்தால் விளா, வில்வம் போன்ற எலுமிச்சைக் குடும்பம். வில்வத்துக்கும் மாவிலங்கத்துக்கும் இலை ஒரே மாதிரி மூன்று சிற்றிலை. ஆனால் வில்வத்தில் முள் இருக்கிறது, கசக்கினால் மணம் வருகிறது. மாவிலங்கத்தில் முள்ளும் இல்லை, அந்த மணமும் இல்லை. முள்ளைப் பார்ப்பதிலும் படிக்க நிறைய உண்டு. கருவேலிலும் வெள்வேலிலும் இலையடிச் செதிலே இரண்டு நேரான முள்ளாக மாறி நிற்கிறது. ஆதொண்டையில் அதே செதில் இரட்டைக் கொக்கியாக வளைந்திருக்கிறது. காரையின் முள் இலைக்கோணத்திலிருந்து கிளம்புகிறது, ஏனென்றால் அது மாற்றம் பெற்ற கிளை. முள் எங்கிருந்து முளைக்கிறது என்று பார்க்கிறவருக்கு அது ஒரு முகவரி.

முதுமலை போன்ற இலையுதிர் காட்டில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போனால் இலையும் இருக்காது. அப்போதும் காடு ஊமையாகிவிடுவதில்லை. கருமருதின் பட்டை கட்டம் கட்டமாக ஆழ வெடித்துக் கருத்திருக்கும். வெண்தேக்கு வெளிறி வழுவழுப்பாக நிற்கும், பட்டை மெல்லிய தகடாக உரியும். ஆற்றோரத்தில் நீர்மருதும் வெளிறிய பட்டையோடுதான் நிற்கும், ஆனால் அதன் இடமும் அடிமரத்தின் பருமனும் வேறு. வறண்ட குன்றுகளில் கிளுவையின் பட்டை காகிதம்போல் உரிந்து உள்ளே பச்சையைக் காட்டும். வேங்கையில் காயம்பட்ட இடத்தில் சிவந்த பிசின் உறைந்திருக்கும். யானையோ மானோ உரசிய தடம் இருந்தால் அதிலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம். காப்புக்காட்டில் மரத்தை நீங்களாக வெட்டிப் பார்க்கக் கூடாது.

இங்கே உயிருக்கும் உடலுக்குமான ஒரு காரணமும் இருக்கிறது. சேங்கொட்டையும் மலைக்காட்டுச் சேரு மரமும் தோலைப் புண்ணாக்கும் கரிய பிசின் கொண்டவை. சேரு மரத்தின் இலைக்காம்பில் இரண்டு சிறிய முளைகள் துருத்திக்கொண்டிருக்கும். அதைத் தெரிந்தவர் கையை எடுத்துக்கொள்வார். பிச்சாவரத்துத் தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. இந்த மரங்களைப் பூக்கும் பருவத்தில் மட்டும் அறிகிற ஒருவரைக் களப்பணிக்கு அனுப்புவது பொறுப்பற்ற செயல்.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைக்க மாட்டேன். இலை மாறும் என்கிறார்கள். நிழலில் வளர்ந்த இலை பெரிதாகவும் மெல்லியதாகவும், வெயிலில் வளர்ந்தது சிறிதாகவும் தடித்தும் இருக்கும். கன்றின் இலை வேறு, முதிர்ந்த மரத்தின் இலை வேறு. அயினியின் கன்றில் இலை ஆழமாகப் பிளவுபட்டு மிகப் பெரிதாக இருக்கும், வளர்ந்த மரத்தில் பிளவே இல்லாத இலை. இரண்டையும் ஒரே மரம் என்று நம்புவதே கடினம். உண்மைதான். ஆனால் இந்த வாதம் பூவின் பக்கம் நிற்கவில்லை. கன்றில் பூ இல்லை. அங்கே பூவை நம்பினால் கையில் எதுவுமே இல்லை. இலையின் அளவும் வடிவமும் மாறுகின்றன என்பதாலேயே, மாறாத பண்புகளைப் பிடிக்கக் கற்க வேண்டும். இலையின் அமைவு மாறாது. செதிலின் இடம் மாறாது. பால் கன்றிலும் உண்டு, மரத்திலும் உண்டு. அயினியின் கன்றைக் கிள்ளினாலும் பால் வரும், கணுவைப் பார்த்தாலும் செதில் விழுந்த தழும்பு தெரியும். இலையின் உருவத்தை மட்டும் பார்த்துச் சொல்கிறவர் தவறுவார் என்பதை நானும் ஏற்கிறேன். உருவத்தை மட்டும் பார்க்கச் சொல்வது இந்த முறை அல்ல.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். மலைக்காட்டு நாவல் வகைகள் பலவற்றையும், காயா வகைகளையும், நெருங்கிய உறவுடைய கருங்காலி வகைகளையும் பிரிக்கும்போது பூவும் காயும் இல்லாமல் முடிவுக்கு வர முடியாத நிலை உண்டு. புதிய இனத்துக்குப் பெயர் வைக்கவும் பெரும்பாலும் பூவோ காயோ வேண்டும். அந்த இடத்தில் “நாவல் வகை, இனம் தெரியவில்லை” என்று எழுதிவிட்டு, பூக்கும் பருவத்தில் திரும்பி வர வேண்டும். ஆனால் “நாவல் வகை” என்று எழுதுவதற்கும் “தெரியாது” என்று எழுதுவதற்கும் நடுவே உள்ள தூரம் பெரியது. எந்த மரத்தின் கீழ், எந்த மாதம் திரும்பி வருவது என்பதையே பூவில்லாத அடையாளம்தான் சொல்கிறது.

செயலிகளுக்கு நான் பகைவன் அல்ல. பிளான்ட்நெட் போன்ற செயலியே நீங்கள் தரும் படம் இலையா, பூவா, காயா, பட்டையா என்று கேட்கிறது. பூ மட்டும் போதும் என்று அதைச் செய்தவர்களே நினைக்கவில்லை, நாம்தான் நினைக்கிறோம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலை மரங்களுக்காக உருவாக்கிய கணினி முறையில், கண்ட பண்புகளை வரைபடங்களிலிருந்து ஒவ்வொன்றாகத் தேர்ந்துகொண்டே போய் மரத்தை அடையலாம். அதற்கும் பூ கட்டாயம் இல்லை. ஆனால் பாலின் நிறத்தையும் கசக்கிய இலையின் மணத்தையும் கேமரா எடுத்துச் செல்லாது. செயலி நான்கு பெயர்களைத் தரும்போது அவற்றில் எது என்று தீர்மானிக்க வேண்டியவர் கொம்பைக் கையில் வைத்திருப்பவர்தான்.

மற்றொரு தப்பித்தலும் வழக்கத்தில் இருக்கிறது. பூவின்றி மரத்தை அறிவது பழங்குடியினருக்குப் பிறவியிலேயே வாய்த்த வரம், நமக்கு வராது என்கிறார்கள். புகழ்ச்சியாகத் தோன்றினாலும் இது அவர்களுடைய உழைப்பை மறுப்பதுதான். காணியும் காடரும் இருளரும் பளியரும் மரத்தை அறிவது சிறு வயதிலிருந்து விறகும் தேனும் மருந்தும் கிழங்கும் தேடிப் பெற்ற பயிற்சியால். அவர்களோடு நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் மரத்தை வெறுமனே பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. பட்டையை நகத்தால் கீறுகிறார்கள், முகர்கிறார்கள், இலையைப் புரட்டி அடிப்பக்கத்தைத் தடவுகிறார்கள். வெடிப்பலாவின் இலைக்கு அடியில் பளபளக்கும் செதிற்பூச்சை அவர்கள் தூரத்திலிருந்தே கண்டுகொள்வது அந்தப் பயிற்சியால்தான். கற்றுக்கொண்டதைக் கற்பிக்கவும் முடியும். வகுப்பறைக்கு அவர்களை ஆசிரியராக அழைக்காதது நம் குறை.

தீங்கு செய்கிற கருத்து என்று தொடக்கத்தில் சொன்னேன். தமிழ்நாடு அரசு 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத்தின் காடும் மரப்பரப்பும் 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர வேண்டும் என்பது இலக்கு. அதற்கு நாட்டு மரக்கன்றுகள் வேண்டும். நாற்றங்காலில் பைகளில் நிற்கும் கன்றுகளில் ஒன்றுகூடப் பூத்திருக்காது. கன்றை இலையால் அறியத் தெரியாதவர் பையில் ஒட்டிய சீட்டை மட்டுமே நம்ப வேண்டும். சீட்டு மாறினால் பிழை மண்ணில் ஊன்றப்பட்டு, அது வெளிப்படப் பத்து ஆண்டுகள் ஆகும். நாட்டு மரம் என்ற பெயரில் எது நடப்படுகிறது என்று பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஆட்கள் ஒவ்வொரு நாற்றங்காலிலும் இருக்க வேண்டாமா?

இதைவிட அவசரமானது அயல் மரங்களின் படையெடுப்பு. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மஞ்சக்கொன்னை பரவிக் கிடக்கிறது. காடுகளிலிருந்து அயல் தாவரங்களை அகற்றுவது சென்னை உயர் நீதிமன்றம் வரை போன வழக்கு. அந்த மரம் பூக்கும்போது காடே மஞ்சளாகிறது, நம் சரக்கொன்றையும் மஞ்சள்தான். பூவின் நிறத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் குழப்புவார். சரக்கொன்றையின் பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்கும், மஞ்சக்கொன்னையுடையது நிமிர்ந்து நிற்கும் என்பது பூத்த பிறகு தெரியும். ஆனால் மஞ்சக்கொன்னையை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். பூத்துக் காய்த்து விதை உதிர்த்த பிறகு அடையாளம் கண்டு என்ன பயன்? அதைக் கன்றாகவே பிடுங்க வேண்டும். கன்றில் இருப்பது இலை மட்டுமே. சரக்கொன்றையின் கூட்டிலையில் பெரிய சிற்றிலைகள் சுமார் நான்கு முதல் எட்டு ஜோடி இருக்கும். மஞ்சக்கொன்னையில் சிற்றிலைகள் சிறியவை, பெரும்பாலும் பத்து ஜோடிக்கும் மேல். இந்த ஒரு வேறுபாட்டைக் களப்பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். சொல்லிக்கொடுக்காவிட்டால் அயல் மரம் தப்பும், நம் கொன்றைக் கன்று பிடுங்கப்படும்.

தாவரவியல் துறைகளிடமும் வனப் பயிற்சிக் கல்லூரிகளிடமும் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. அடுத்த களப்பயணத்தைப் பூக்காத மாதத்தில் வையுங்கள். செய்முறைத் தேர்வில் பூவோடு ஒரு செடியைக் கொடுத்தால், பூவில்லாத மூன்று இலைக்கொம்புகளையும் இரண்டு கன்றுகளையும் சேர்த்துக் கொடுங்கள். அமைவு, செதில், பால், மணம், நரம்பு, முள் என்று மாணவர் கண்டதை எழுதட்டும், கண்டதற்கு மதிப்பெண் கொடுங்கள். பெயர் பிறகு வரும். துறைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கும் இது அடைத்த கதவு அல்ல. உங்கள் ஊருக்கு அருகே ஒரு கோயில் காடோ கரடோ இருக்கும். பூப்பருவம் எப்போது என்று யாரிடமும் கேட்காமல் இந்த மாதமே போங்கள். உதிர்ந்த கொம்பு ஒன்றை எடுத்து, இலைகள் எதிரெதிரா, மாறி மாறியா என்று பார்ப்பதில் தொடங்குங்கள்.